பிஞ்சு மனசு என்னும் சாக்கு

வயசுப் பிள்ளைகள் படிக்கிற கதையில் கொலை வரலாமா, சாராயம் வரலாமா, சாதிப் பேர் சொல்லித் திட்டலாமா, வீட்டுக்குள்ளேயே ஒருவன் ஒரு பெண்ணிடம் அத்துமீறுவது வரலாமா? தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: கூடவே கூடாது. பெற்றோர் சொல்வார்கள், தலைமையாசிரியர் சொல்வார், பதிப்பகத்தார் சொல்வார், சிறார்களுக்கு எழுதுகிறவர்களிலேயே பலர் சொல்வார்கள். பிஞ்சு மனசு, கெட்டதைப் படித்தால் கெட்டுப்போகும். உலகத்து அழுக்கையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொள்ளட்டும், இப்போதைக்கு நம்பிக்கை தருகிற கதையாகக் கொடுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சொல்கிறவர்களும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வாதத்தை ஒருமுறை தேவிபட்டினம் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் அது கால் ஊன்றி நிற்பதில்லை.

தேவிபட்டினம் ராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அலை அதிகமில்லாத, ஆழம் குறைந்த கடல். கரையை ஒட்டித் தண்ணீருக்குள் ஒன்பது கல் நிற்கிறது. நவபாஷாணம் என்று பெயர். இலங்கைக்குப் புறப்படுமுன் ராமன் நவக்கிரகங்களை இங்கே வைத்து வணங்கினான் என்பது தலபுராணம். ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் காரணமோ மகிஷாசுரனைத் தேவி வதம் செய்த கதை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நவதானியத்தைத் தண்ணீரில் இறைத்துவிட்டு, ஈரத் துணியோடு கல்லைச் சுற்றிவரும்போது கூட வந்த பேரப்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஏன் கல்லு கடலுக்குள்ள இருக்கு, யார் வச்சது என்று துளைத்தெடுப்பார்கள். அப்பத்தாமார் கதையைத் தொடங்குவார்கள். எருமைத் தலையன் எப்படியெல்லாம் உரு மாறினான், தேவி கடைசியில் அவன் கழுத்தை எப்படி அறுத்தாள், பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனைக் கொல்ல ராமன் எப்படிக் கடலைத் தாண்டினான். கதையில் ஆள்கடத்தல் இருக்கிறது, தலையறுப்பு இருக்கிறது, தங்கையின் மூக்கை அறுத்ததற்கு அண்ணன் வாங்கிய பழி இருக்கிறது. கேட்கிற பிள்ளைக்கு வயது ஆறோ ஏழோ. 'பிஞ்சு மனசு, விடுங்க அப்பத்தா' என்று யாரும் குறுக்கே விழுவதில்லை. விழவும் வேண்டாம்.

இதே கரையில் வடக்கே போனால் ஓரியூர். 1693இல் ராமநாதபுரம் சேதுபதியின் ஆணைப்படி அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் தலை வெட்டப்பட்ட இடம். அங்கே மண் சிவந்திருப்பது அவருடைய இரத்தம் சிந்தியதால்தான் என்று யாத்திரை வருகிற குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி, கையில் ஒரு பிடி மண்ணும் எடுத்துக் கொடுக்கின்றன. தெற்கே போனால் ஏர்வாடி. அங்கே அடங்கியிருக்கும் சுல்தான் சையது இப்ராகிம் போரில் உயிர்விட்டவர். பெயரோடு சேர்ந்திருக்கும் ஷஹீத் என்னும் சொல்லே அதைச் சொல்கிறது. ஆக மூன்று மதத்துப் பிள்ளைகளும் வெட்டுப்பட்ட உடம்புகளின் கதையைக் கேட்டுத்தான் இந்தக் கடற்கரையில் வளர்கிறார்கள். அதனால் எந்தப் பிள்ளையும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகத் தெரியவில்லை.

வீட்டு அலமாரிக்கு வருவோம். பதின்மூன்று வயதில் பெருமையோடு கையில் கொடுக்கப்படுவது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, இன்றும் அச்சில் ஓயாத நாவல். அதில் காயம்பட்டுக் கிடக்கும் வீரபாண்டியனைக் காப்பாற்றச் சொல்லி நந்தினி கெஞ்சுகிறாள். அவள் கண் முன்னாலேயே ஆதித்த கரிகாலன் அவனை வெட்டுகிறான். பிறகு அவனே கடம்பூர் மாளிகையில் மர்மமாக மாண்டுபோகிறான். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்னும் முடிச்சில்தான் கதை பாதி ஓடுகிறது. பழிவாங்கல், அழகை ஆயுதமாக்குதல், சதி, கொலை. எந்தத் தாயும் இதைப் பிள்ளை கையிலிருந்து பிடுங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் படிக்காமல் யாரும் வெளியே வருவதில்லை. அதில் கட்டிய மனைவியை விட்டுவிட்டு ஒருவன் வேறொருத்தியிடம் போகிறான், செய்யாத திருட்டுக்கு வெட்டுப்படுகிறான், அவன் மனைவி தன் முலையைத் திருகி எறிந்து ஊரையே கொளுத்துகிறாள்.

அப்படியானால் தமிழ்ப் பெரியவர்களுக்கு இரத்தத்தின் மேல் ஒன்றும் விரோதமில்லை. பழைய இரத்தமாக இருக்க வேண்டும், சாமியோ ராஜாவோ புனிதரோ சிந்தியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கதை இந்தத் தெருவுக்கு, இந்த வருஷத்துக்கு, இந்தச் சாதிக்கு, இந்த வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டால் உடனே பிஞ்சு மனசு ஞாபகம் வந்துவிடுகிறது. எதிர்ப்பு இருட்டுக்கு அல்ல, அதன் மேல் ஒட்டியிருக்கும் முகவரிக்கு.

அந்த முகவரியைப் பிள்ளைகள் அறியாமல் இருக்கிறார்களா? ராமநாதபுரம் மாவட்டத்தில் செப்டம்பர் வந்தால் தடையுத்தரவும் வந்துவிடும். செப்டம்பர் 11 தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் குருபூஜை. அந்த நாட்களில் சாலையெங்கும் இரும்புத் தடுப்பு, வெளிமாவட்டப் போலீஸ், வழிமாறிப் போகும் பஸ், அடைத்த கடை. எட்டாம் வகுப்பு மாணவனுக்குக்கூட எந்தத் தேதியில் எந்த ஊர் வழியாகப் போகக் கூடாது என்பது தெரியும். 2011 செப்டம்பரில் கமுதி வட்டாரத்தில் தலித் பள்ளி மாணவன் ஒருவன் கொலை செய்யப்பட்டான். இரண்டு நாள் கழித்துப் பரமக்குடியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். செத்தவன் பள்ளிக்கூடப் பையன். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு அவன் சாவைப் பற்றிய கதை மட்டும் வயதுக்கு மீறியது என்றால் அந்தக் கணக்கு யாருக்குத்தான் புரியும்?

கடல் பக்கம் பார்த்தாலும் அப்படித்தான். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் நடுக்கடலில் சுடப்பட்டு இறந்தபோது கரையில் நாள்கணக்கில் போராட்டம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போனார்கள். 2022 மார்ச் முதல் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பியவர்களைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடிப் பக்கத்து மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். வந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள், மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கடலட்டை பிடிப்பதும் விற்பதும் 2001இலிருந்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆனால் அவித்துக் காயவைத்த கடலட்டை மூட்டை பிடிபட்ட செய்தி இந்தக் கரையில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ராத்திரி எந்தப் படகு மீனுக்குப் போகிறது, எது வேறு வேலையாகப் போகிறது என்று கரையில் வலை பிரிக்கிற பையனிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டான். தெரியாததால் அல்ல.

இனி, படித்தால் கெட்டுப்போவார்கள் என்னும் அடிப்படை நம்பிக்கைக்கு வருவோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு, கொஞ்சம் அசிங்கமான வரலாறு. 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் ஒரு புத்தகம் எழுதினார். படக்கதைகள்தான் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்பது அவர் வாதம். தாம் சிகிச்சை அளித்த பிள்ளைகளின் வாக்குமூலங்களையே ஆதாரமாக அடுக்கினார். நாடே பதறியது. செனட் விசாரணை நடந்தது. அதே ஆண்டு படக்கதை நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டன. அடுத்த ஆண்டு பிரிட்டன் சட்டம் போட்டது. அதற்கடுத்த ஆண்டு, 1956இல், இந்தியாவும் இளையோர் கையில் கிடைக்கும் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கச் சட்டம் போட்டது. வெர்த்தமின் ஆவணப் பெட்டிகள் 2010இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கரோல் டில்லி அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படித்து 2012இல் எழுதினார்: பிள்ளைகள் சொன்னதை மாற்றியும் வெட்டியும் ஒட்டியும் வெர்த்தம் தம் வாதத்துக்குத் தோதாகத் திருத்தியிருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் நம்பியது அப்படிச் சமைத்த ஆதாரத்தை.

நம் 1956 சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதன்படி இளையவர் என்றால் 20 வயதுக்குக் கீழே இருப்பவர். அதற்கு ஓராண்டு முன்னால் வந்த இந்து திருமணச் சட்டம் மணப்பெண்ணுக்கு 15 வயதானால் போதும் என்றது. அது 18 ஆனது 1978இல். பதினைந்து வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கலாம், பிள்ளையும் பெறலாம், ஆனால் பத்தொன்பது வயதுவரை அவளைக் கதைப் புத்தகத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். இருந்தாலும் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இன்றைய புகார்க்காரர்களைவிட நிதானமானவர்கள். குற்றமோ வன்முறையோ கதையில் இருந்தாலே போதாது, அதைச் சொல்லியிருக்கும் விதத்தால் முழுப் புத்தகமும் இளையவரைக் கெடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. இப்போது புகாரோடு வருகிறவர் கையில் இருப்பது அநேகமாக ஒரே ஒரு பக்கத்தின் செல்போன் படம்.

சரி, உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? 2007இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்கள், 53.22 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். தமிழ்நாடு அந்த 13இல் இல்லை. இருந்திருந்தால் நிலைமை தலைகீழாக இருந்திருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு 18 நிறையுமுன்பே கல்யாணம் ஆகியிருந்தது. வகுப்பில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தால் அதில் சிலருக்காவது, கதையில் வந்தால் வயதுக்கு மீறியது என்று நாம் சொல்வது, போன வாரம் வீட்டில் நடந்தது. அந்தச் சிலர் தங்களுக்கு நடந்ததை எந்தச் சொல்லில் சொல்வார்கள்? கதையில் படித்திருந்தால் ஒரு சொல்லாவது கிடைத்திருக்கும். தனக்கு மட்டும் நடக்கவில்லை என்பதாவது தெரிந்திருக்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது இன்னும் யாருக்கும் மறந்திருக்காது. பிளஸ் டூ படித்த தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அவர்களுடைய சாதித் தொந்தரவைப் பற்றி அவன் பள்ளியில் சொல்லியிருந்தான், அதுதான் குற்றம். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைகள். ஆனால் வெட்டியவர்கள் யாரும் கதைப் புத்தகம் படித்துக் கெட்டவர்கள் அல்ல. வெட்டுப்பட்டவனின் ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவையாவது அவன் தோலுக்குள் போய் யோசித்துப் பார்க்க வைக்கிற கதை எதையும் யாரும் அவர்கள் கையில் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

தமிழில் இந்தச் சண்டை புதிதும் அல்ல. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணை முன்பின் தெரியாத ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். நனைந்து நடுங்கி வீட்டுக்கு வந்தவளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடே கொதித்தது. எதற்காக? காரில் நடந்ததற்காக அல்ல. தாய் மன்னித்ததற்காக. அந்தப் பெண் செத்திருக்க வேண்டும், அல்லது வீடு அவளை விரட்டியிருக்க வேண்டும் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. அப்படி எழுதியிருந்தால் அது 'எச்சரிக்கைக் கதை' என்று பெயர் வாங்கி நிம்மதியாக இருந்திருக்கும். தாய் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஜெயகாந்தன் பிறகு ஒரு முழு நாவலே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கதையில் தண்டனை இருந்தால் எவ்வளவு கொடுமையையும் பொறுத்துக்கொள்கிற சமூகம், மன்னிப்பைத்தான் ஆபாசம் என்றது.

அன்று முதல் இன்றுவரை எதிர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வயது ஒரு சாக்கு என்பது தெளிவாகத் தெரியும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. அது பெரியவர்களுக்கான நாவல். நான்கு ஆண்டு கழித்து 2014 டிசம்பரில் அதை எரித்தவர்கள், ஊரையும் சாதியையும் கோயிலையும் காட்டித்தான் எரித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும் 'பொன்னகரமும்' 2014இல் எடுக்கப்பட்டன. அங்கே எதிர்த்தவர்கள் எதிர்த் திசையில் நின்றவர்கள், சாதியைச் சித்திரித்த விதம் பிடிக்காதவர்கள். 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். கூடவே மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யும் போனது. படித்திருக்க வேண்டியவர்கள் ஓட்டுப் போடும் வயது வந்தவர்கள். 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில், தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குப் போராடியதைச் சொன்ன பகுதியை நீக்கியது. அது கதைகூட இல்லை, வரலாறு. ஒன்பதாம் வகுப்பானாலும் ஒன்றுதான், பட்டப்படிப்பானாலும் ஒன்றுதான்.

எவ்வளவு தூரம் இந்தக் கூச்சம் போகும் என்பதற்குத் திருக்குறளைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 6 முதல் 12 வரை திருக்குறளைப் பாடமாக வைக்கச் சொன்னது. அறத்துப்பாலும் பொருட்பாலும் மட்டும். காமத்துப்பாலின் 25 அதிகாரம், 250 குறள் வெளியே நின்றன. அந்த 250இல் வெட்டுக்குத்து கிடையாது, அசிங்கம் கிடையாது. இருப்பதெல்லாம் ஒருத்திக்கு ஒருவன்மேல் வருகிற ஏக்கமும் ஊடலும். பதினாறு வயதுக்காரர்களுக்கு வள்ளுவர் சொன்னதில் உடனே உதவக்கூடிய பகுதி அதுவாகத்தான் இருக்கும். வள்ளுவருக்கே இந்தக் கதி.

எதிர்வாதத்துக்குப் பதிலாக ஒரே ஒரு தமிழ்ப் புத்தகத்தை நீட்டச் சொன்னால் இரா. நடராசனின் 'ஆயிஷா'வை நீட்டலாம். சின்னப் புத்தகம், பஸ் பயணத்தில் படித்து முடித்துவிடலாம். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு பள்ளிக்கூடப் பெண். கேட்ட கேள்விக்காகவும், பாடப்புத்தகத்தில் இல்லாத விடையைத் தன் சொந்த வார்த்தையில் எழுதியதற்காகவும் அடி வாங்குகிறாள். அடி வலிக்கக் கூடாது என்று மரத்துப்போகிற மருந்தைப் பற்றிப் படிக்கிறாள், ஆராய்கிறாள், தன் உடம்பிலேயே செலுத்திப் பார்க்கிறாள். செத்துப்போகிறாள். ஆறுதல் இல்லை. நல்ல டீச்சர் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து காப்பாற்றுவதில்லை. கதையைச் சொல்கிறவரே ஒரு டீச்சர், தன் வகுப்பறைகளின் குற்றத்தைச் சுமந்துகொண்டு சொல்கிறார். பதின்வயதுப் பெண்ணின் சாவு, பள்ளிக்கூட வன்முறை, தன்னைத்தானே ஊசி குத்திக்கொள்ளும் காட்சி. பிஞ்சு மனசுக்காரர்களின் பட்டியலில் இருக்கும் அத்தனையும் இதில் இருக்கிறது.

என்ன ஆனது? கணையாழியின் குறுநாவல் போட்டியில் தேர்வாகி வெளிவந்த அந்தக் கதை, திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டுத் தமிழில் அதிகம் பரவிய சிறு வெளியீடுகளில் ஒன்றானது. ஆசிரியர் பயிற்சிகளில் உரக்க வாசிக்கப்பட்டது. வாசித்த ஆசிரியர்கள் நடுவில் நிறுத்தி அழுதார்கள், மாணவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆயிஷா கடைசியில் பிழைத்துக்கொண்டு மாவட்ட முதல் மாணவியாக வந்திருந்தால், அந்தக் கதை ஏதாவது ஆண்டு மலரில் ஒரு பக்கமாக வந்து பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். அதன் எழுத்தாளருக்கு 2014இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது, வேறொரு புத்தகத்துக்கு: விக்கிரமாதித்தன் கதை பாணியில் அறிவியல் சொல்லும் புத்தகத்துக்கு. அந்தப் புத்தகம் மட்டமானதல்ல. ஆனால் பரிசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மறுதரப்பில் வலுவான வாதமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போனால் இந்தக் கட்டுரையும் ஏமாற்று வேலை ஆகிவிடும். ஜே ஆஷர் 2007இல் எழுதிய, பள்ளி மாணவி தற்கொலை செய்துகொள்ளும் நாவலை நெட்பிளிக்ஸ் 2017 மார்ச் கடைசியில் தொடராக வெளியிட்டது. சாகும் காட்சி விலாவாரியாகக் காட்டப்பட்டது. அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதினரிடையே தற்கொலை விகிதம் எதிர்பார்த்ததைவிட 28.9 சதவீதம் கூடியிருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் அதே எண்களை வேறு வகையில் கணக்கிட்டவர்கள் தொடருக்கும் அந்த உயர்வுக்கும் அவ்வளவு உறுதியான தொடர்பு இல்லை என்றார்கள். எப்படியானாலும் 2019 ஜூலையில் நெட்பிளிக்ஸ் அந்தக் காட்சியை வெட்டிவிட்டது. அது சரியான முடிவு. சாகும் முறையைச் செய்முறை விளக்கம் போலக் காட்டாதே என்பது உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு ரொம்ப நாளாகச் சொல்லிவருவதுதான்.

கவனிக்க வேண்டியது, வெட்டப்பட்டது கதை அல்ல, மூன்று நிமிஷக் காட்சி. தற்கொலை வரலாமா கூடாதா என்ற கேள்வி அங்கே எழவில்லை. எப்படி வரவேண்டும் என்பதுதான் எழுந்தது. இந்த அளவுகோலைத் தமிழ் வீட்டில் வைத்துப் பார்த்தால் முதலில் மாட்டுவது நாவல் அல்ல, டீப்பாய் மேல் கிடக்கும் நாளிதழ். தூக்கில் தொங்கிய மாணவி எந்தத் துணியில், எந்த நேரத்தில், எந்தக் கொக்கியில் என்று எழுதுகிறது. 'கள்ளக்காதல்' என்ற சொல் இல்லாமல் ஒரு வாரம் அதற்கு ஓடாது. கொலை செய்யப்பட்டவள் பெண்ணாக இருந்தால் 'அழகி'. டீக்கடை வாசலில் அதே செய்தி போஸ்டராகத் தொங்குகிறது. நாவலுக்குப் பூட்டுப் போடுகிற அப்பா இதை மடித்துப் பையன் கையில் கொடுத்து, தமிழ் வாசிப்பு சரளமாகும், தினமும் படி என்கிறார்.

செல்போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சினிமாவுக்காவது அரசு யோசித்திருக்கிறது: 2023 திருத்தச் சட்டம் வந்தபின் யு/ஏ என்னும் ஒற்றைப் பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்தது. பதின்மூன்று வேறு, பதினாறு வேறு என்று ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். புத்தகத்துக்குத் தமிழில் இன்னும் இரண்டே அறைதான். சிறுவர், பெரியவர்.

இருட்டைக் காட்டினாலே இலக்கியம் ஆகிவிடும் என்பதும் பிரமைதான். அதிர்ச்சிக்காக ஒரு பலாத்காரத்தைச் செருகி, பாதிக்கப்பட்டவளை அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடுகிற கதைகள் தமிழில் ஏராளம். அவற்றைப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மட்டுமல்ல, ஐம்பது வயதுக்காரருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. அவற்றை ஒதுக்க வயது வரம்பு வேண்டாம், ரசனை போதும்.

மிஞ்சியிருப்பது நடைமுறைக் கேள்வி. 2022இலிருந்து பள்ளிக் கல்வித் துறையே மாணவர்களுக்கு இதழ் நடத்துகிறது: 4, 5ஆம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு'. பிள்ளைகளே எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள். நல்ல முயற்சி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பதோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் காலடி வைத்தவுடன் அரசைப் பொறுத்தவரை பிள்ளைக்குக் கதை தேவையில்லை, பொதுத்தேர்வு வந்துவிட்டது. புத்தகத் திருவிழாக்களிலும் அதே ஓட்டை. ஒரு பக்கம் வண்ணப் படக் குழந்தைப் புத்தகம், மறுபக்கம் போட்டித் தேர்வு வழிகாட்டியும் தன்னம்பிக்கை நூலும். ராமேஸ்வரத்தில் பிறந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் ஆண்டு விழாப் பரிசாகத் தவறாமல் வருகிறது. வரட்டும். ராக்கெட் விடுவதற்கு முன்னால் அந்தப் பையன் இன்று ராத்திரி குடித்துவிட்டு வரும் அப்பாவைச் சமாளித்தாக வேண்டும். அதைப் பற்றியும் ஒரு புத்தகம் பரிசாக வந்தால் என்ன?

கொடுக்கப் புத்தகமே இல்லை என்பதும் உண்மை அல்ல. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அடிமைப் பையன்களின் கதை. அதில் வருகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூட வயதுக்காரர்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' தேவிபட்டினத்துக்கு எதிர்க்கரையில் துப்பாக்கி தூக்கிய ஒரு பையனைப் பற்றியது. பாமாவின் 'கருக்கு' 1992இலிருந்து கிடைக்கிறது. நாயகர்கள் பதின்வயதினர், வாசிக்கத் தகுதியானவர்கள் மட்டும் பெரியவர்கள் என்றால் எப்படி? பதினாறு, பதினேழு வயதில் இவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். கூட உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியர் வேண்டும், அவ்வளவே.

அந்த ஆசிரியருக்குத்தான் பயம். புகார் ஒன்று போனால் யார் பின்னால் நிற்பார்கள்? பெருமாள்முருகன் அப்போது தாமே அரசுக் கல்லூரி ஆசிரியர். 2015 ஜனவரி 12 அன்று 'மாதொருபாகன்' பற்றி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் அவரை உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த எழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. இனி இப்படிப் பிரச்சினை வந்தால் அதிகாரிகள் தாமாக முடிவெடுக்காமல் கலை இலக்கியம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும், அதற்குக் குழு அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. பள்ளி நூலகத்துக்கும் அதே மாதிரி மாவட்டத்துக்கு ஒரு குழு போதும். புகார் எழுத்தில் வர வேண்டும், புகார் செய்கிறவர் முழுப் புத்தகத்தையும் படித்திருக்க வேண்டும், முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்க வேண்டும். குழுவில் ஒரு தமிழாசிரியர், ஒரு மனநல ஆலோசகர், ஒரு நூலகர், இவர்களோடு பிளஸ் டூ படிக்கிற இரண்டு பேர். அந்த இரண்டு பேரைச் சேர்ப்பதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பலமான எதிர்ப்பு வரும்.